கூலியோடு வீடு வரும் நஞ்சு: கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைகளைக் காப்பது யார் பொறுப்பு?

பூச்சிக்கொல்லிப் புட்டி, எலி மருந்து டப்பா, கழிப்பறை கழுவும் ஆசிட், பினாயில் என எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வரி தவறாமல் அச்சிடப்பட்டிருக்கும்: குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். நல்ல அறிவுரைதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட வகை வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட வரி. அந்த வீட்டில் பூட்டி வைக்க அலமாரி உண்டு. சமைக்க ஓர் அறை, உறங்க ஓர் அறை உண்டு. தோட்டக் கருவிகளையும் மருந்துகளையும் போட்டு வைக்க வெளியே ஒரு கொட்டகை உண்டு. ஒரே அறையில் அடுப்பும் பாயும் அரிசி மூட்டையும் பள்ளிப் பையும் இருக்கும் வீட்டில் 'எட்டாத இடம்' எங்கே இருக்கிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை.

வீட்டிலுள்ள நச்சுப் பொருள்களால் குழந்தைகளுக்கு நேரும் கேட்டை 'பெற்றோரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடிவிடும் வழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மருத்துவமனை வாசலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாயிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே, 'அதை ஏன் அங்கே வைத்தாய்?' என்பதாக இருக்கிறது. அது அந்த வீட்டுக்குள் எப்படி வந்தது, யாருடைய தேவைக்காக வந்தது, யார் கையால் வந்தது என்ற கேள்விகள் எழுவதில்லை. அந்தக் கேள்விகளைத் தேனி மாவட்டத்தின் வீரபாண்டியிலிருந்து தொடங்கிக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கிறது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவால் இங்குள்ள கௌமாரியம்மன் கோயிலைத் தென்மாவட்டங்கள் எல்லாம் அறியும். பெரியாற்றுத் தண்ணீரில் லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. அதனோடு வாழையும் தென்னையும் உண்டு. தெற்கே கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள். மேற்கே மலையேறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து மலையேறும் கூலித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள்.

இந்தப் பயிர்கள் யாவும் மருந்தை நம்பி வளர்க்கப்படுபவை. திராட்சையில் அடிச்சாம்பல் நோய் ஈரக்காற்று வீசும்போதெல்லாம் தலைகாட்டும். அதற்குத் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். ஏலத்தில் தண்டுத் துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் தெளிப்பு உண்டு. நெல்லில் குருணை மருந்து தூவுவார்கள். நிலமும் தோட்டமும் ஒருவருடையவை. தெளிப்பானை முதுகில் சுமப்பவர் இன்னொருவர். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதரையே மேல்கீழாக அடுக்கி வைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். அந்த அடுக்கின் கீழ்ப்படியில் நிற்பவருக்கே ஆபத்தான வேலை வந்து சேர்கிறது. மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். நிலமில்லாத கூலி உழைப்பில் அவர்களின் பங்கு இதைவிட மிக அதிகம் என்பதற்கு எந்தப் புள்ளிவிவரமும் தேவையில்லை. விடியற்காலையில் ஜீப் எந்தத் தெருவின் முனையில் வந்து நிற்கிறது என்று பார்த்தாலே போதும்.

நஞ்சு இந்த உழைப்பின் வழியாகவே வீடு வருகிறது. முதலில் உடையோடு வருகிறது. மருந்து அடித்தவரின் சட்டையிலும் கைலியிலும் தலைத்துண்டிலும் படிந்தது, அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தையின் கையில் ஒட்டுகிறது. அந்தத் துணியைக் குழந்தையின் சட்டையோடு சேர்த்து அலசும் பெண்ணின் கையிலும் ஒட்டுகிறது. அடுத்து மிச்சத்தோடு வருகிறது. புட்டியில் கால்பங்கு மீந்தால், எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் ஆகும் என்று கொண்டுவரப்படுகிறது. மூன்றாவதாகக் காலிக் கலங்களாக வருகிறது. கெட்டியான பிளாஸ்டிக் கேன் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். தோட்டத்தில் அது சும்மா கிடைக்கிறது. கழுவிவிட்டால் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ ஆகும் என்று நினைப்பதில் வியப்பில்லை. திராட்சைக்குப் போர்டோ கலவை தயாரிக்கும் மயில்துத்தமும் இப்படி வீட்டு மாடத்துக்கு வந்துவிடுகிறது. நீலக் கற்கண்டு போலப் பளபளக்கும் அந்தத் தாமிர உப்பு, குழந்தையின் கண்ணை இழுக்க வேறெதுவும் வேண்டியதில்லை.

வயல் வேலை மட்டுமன்று. பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தூய்மைப் பணி செய்வோர் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் மக்களே. பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் ஆசிட்டும் அவர்களின் அன்றாடக் கருவிகள். அவற்றை வைக்கப் பணியிடத்தில் பூட்டும் பெட்டி இல்லையென்றால், அவையும் வீட்டு மூலைக்கே வந்து சேரும்.

வேலையிடத்து நஞ்சு தொழிலாளரின் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்தப் பள்ளத்தாக்கின் வடக்கே எழும் மலையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. தகுந்த பாதுகாப்பின்றிப் பாதரசத்தைக் கையாண்டதால் தாங்களும் தங்கள் குடும்பங்களும் பாதிக்கப்பட்டதாக முன்னாள் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். அந்தப் பாதிப்புக்குத் தொழிற்சாலை காரணமன்று என்று நிறுவனம் மறுத்துவந்தது. ஆயினும் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உதவித்தொகை அளிக்க இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பட்டது. ஒரே ஆலை, ஒரே முதலாளி என்று இருந்த இடத்திலேயே பதினைந்து ஆண்டுகள் ஆயின. நூறு தோட்டங்களில் மாறி மாறிக் கூலிக்குப் போகும் குடும்பம் யாரிடம் கணக்குக் கேட்கும்?

'மருந்து' என்னும் சொல்

தமிழில் இந்த நஞ்சுகளுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே ஓர் ஆபத்து. பூச்சி மருந்து, எலி மருந்து, களை மருந்து, குருணை மருந்து. தெளிப்பதற்கு 'மருந்து அடித்தல்' என்கிறோம். காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தரும் சிவப்புத் திரவமும் மருந்து; அப்பா தோட்டத்திலிருந்து கொண்டுவந்த சிவப்பு மூடிப் புட்டியில் இருப்பதும் மருந்து. மூன்று வயதுக் குழந்தைக்கு இந்த இரண்டையும் பிரித்தறியச் சொல்லில் எந்தத் துணையும் இல்லை. பூச்சிக்கொல்லி, எலி விஷம் என்று வீட்டிலும் கடையிலும் சொல்லிப் பழகுவது செலவில்லாத முதல் பாதுகாப்பு. 'அது விஷம்' என்று கேட்டு வளரும் குழந்தையின் கை சற்றுத் தயங்கும்.

குழந்தையின் உடல் சிறிய பெரிய உடல் அன்று

பெரியவருக்குத் தலைசுற்றலோடு போகிற அளவு குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். காரணம் எளிய கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவரும் 10 கிலோ எடையுள்ள குழந்தையும் ஒரே அளவு நஞ்சை உட்கொண்டால், குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஆறு மடங்கு நஞ்சு சேர்கிறது. குழந்தையின் தோல் மெல்லியது. ஒவ்வொரு கிலோ எடைக்கும் அது இழுக்கும் மூச்சு பெரியவரைவிட அதிகம். தரையில் தவழ்வதால், தரையில் படிந்திருப்பது கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது. நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரலும் சிறுநீரகமும் முழுத்திறன் பெறாத வயது அது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு நேரும் கேடு பின்னாளில் திரும்பச் சரியாவது அரிது.

எந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லிகளில் பலவும் கரிம பாஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. அவை நரம்புகளின் செய்திப் போக்கைக் குலைக்கின்றன. வாயில் எச்சில் வழியும். கண்ணீரும் வியர்வையும் பெருகும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கண்ணின் பாவை ஊசிமுனைபோலச் சுருங்கும். பின்னர் மூச்சு திணறும். இதற்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து உண்டு. எவ்வளவு விரைவாகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே உயிர் நிற்கும். மூட்டைப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் வீடுகளில் பயன்பட்டுவந்த, 'நுவான்' என்று அறியப்பட்ட டைக்குளோர்வாஸ் இந்த வகைதான். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி அது 2020 டிசம்பர் 31-உடன் முற்றிலும் தடைசெய்யப்பட்டது. பழைய புட்டி வீட்டில் இருந்தால் அது இன்றும் நஞ்சே.

எலி பேஸ்ட்டில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் இன்னும் வஞ்சகமானது. தக்காளியிலோ தேங்காய்ச் சில்லிலோ ரொட்டியிலோ தடவி வைப்பதால் குழந்தைக்கு அது தின்பண்டமாகவே தெரிகிறது. முதல் நாள் வாந்தியும் வயிற்றுவலியும் வந்து, பிறகு ஓரிரு நாள் குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துவந்த பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. எனவே, துளி தின்றிருந்தாலும் குழந்தையை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும்.

மண்ணெண்ணெயும் பெயிண்ட் தின்னரும் பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ இருக்கும். குழந்தை தண்ணீர் என்று குடிக்கும். அவை வயிற்றைவிட நுரையீரலைத் தாக்குபவை. வாந்தி எடுக்க வைத்தால் அந்த எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிக் கேட்டைப் பெருக்கும்.

கழிப்பறை ஆசிட் வாயையும் உணவுக்குழாயையும் வேகவைத்துவிடும். அதையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் குளோரின் வாயு வெளிவரும். சன்னலில்லாத சிறு கழிப்பறையில் அது பெரியவர்களையே வீழ்த்தும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கடித்தோ அழுத்தியோ விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறித்தால், பார்வையே போகலாம். பூசைக்கு வைத்திருக்கும் சூடத்தைச் சிறிதளவு விழுங்கினாலும் வலிப்பு வரலாம். துணிக்குள் போடும் அந்துருண்டை வெள்ளை மிட்டாய்போல இருப்பதால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். பிறவியிலேயே ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

உடனே தெரியாமல் மெல்லக் கொல்வது ஈயம். பழைய சுவர்ப்பூச்சிலும், மலிவான வண்ணப் பொம்மைகளிலும், கலப்பட மஞ்சள்தூளிலும் அது இருக்கக்கூடும். உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக 2020-இல் யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஈயத்துக்கு 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது. படிப்பில் பின்தங்குவதும் கவனம் சிதறுவதும் அதன் அடையாளங்களாக இருக்கலாம். சேரிப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று சாதி சொல்லிவந்த பொய்யின் நிழலில், இப்படியொரு நோய் கண்டறியப்படாமலே போகும் ஆபத்து இருப்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்டாமனும் குன்றத்தூரும்

2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு காட்டியது. அந்தப் பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் எண்ணெயை வைத்ததே காரணம் என்று கூறப்பட்டது. மோனோகுரோட்டோபாஸின் ஆபத்தை விளக்கி, அதைக் கைவிடுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2009-இலேயே இந்தியாவை வலியுறுத்தியிருந்தது. காய்கறிப் பயிர்களுக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் 2005 முதலே தடை இருந்தது. ஆனால் மற்றப் பயிர்களுக்காகக் கடையில் விற்பனையானது. காலிக் கேனுக்கு இது எந்தப் பயிருக்கானது என்று தெரியாது. தடையின் பாதி வழியில் நின்றுவிட்ட அரசின் விலையைச் சத்துணவுக்கு வந்த ஏழைப் பிள்ளைகள் கொடுத்தனர்.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காகப் பூச்சி ஒழிப்பு நிறுவனத்தை அழைத்து நஞ்சு வைத்த ஒரு வீட்டில் உறங்கிய குடும்பத்தில் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அது ஒற்றை அறைக் குடிசையன்று. படித்த, வசதியுள்ள குடும்பத்தின் வீடு. கவனமும் பணமும் இருந்தும் குழந்தைகளைக் காக்க முடியவில்லை. காரணம், எந்த நஞ்சு, எவ்வளவு, எந்த அறையில், எத்தனை மணி நேரம் என்பவற்றைத் தீர்மானித்தது வீட்டார் அல்லர்.

இந்த இரண்டு துயரங்களும் ஒன்றையே சொல்கின்றன. நஞ்சைத் தயாரிப்பவர், விற்பவர், வேலைக்காகக் கொடுப்பவர், கண்காணிக்கும் அரசு ஆகிய நான்கு இடங்களில் தடுக்கப்படாதது, ஐந்தாவதாகத் தாயின் கவனத்தால் மட்டும் தடுக்கப்படும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

சட்டம் என்ன சொல்கிறது

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கலத்தின் மீதும் சாய்சதுரக் குறி இருக்க வேண்டும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கொடியது, மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரமானது, பச்சை அவற்றைவிடக் குறைந்தது. சிவப்பு என்றால், சோதனை விலங்குகளில் ஒரு கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவான அளவே பாதியைக் கொன்றுவிடும் என்று பொருள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து அறியலாம் என்பது இதன் நோக்கம். ஆனால் கடைக்காரர் பெரிய புட்டியிலிருந்து சிறு புட்டிக்கு ஊற்றிக் கொடுத்த கணத்தில் அந்த நிறம் காணாமல் போகிறது.

விதிகளின் 37 முதல் 42 வரையிலான பகுதி, நஞ்சைக் கையாள்பவருக்கு மருத்துவப் பரிசோதனை, முதலுதவி, பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, முறிவு மருந்து, பயிற்சி ஆகியவற்றைக் கோருகிறது. 44-ஆம் விதி, காலிக் கலங்களை உடைத்து, குடியிருப்பிலிருந்து விலகிய இடத்தில் புதைக்கச் சொல்கிறது. தெளிப்பானைச் சுமந்த எத்தனை பேரிடம் இந்த உடையும் பயிற்சியும் வந்து சேர்ந்தன என்று எந்தக் குடியிருப்பில் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மாநில அரசின் கை ஓரளவு கட்டப்பட்டிருக்கிறது. சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி ஒரு பூச்சிக்கொல்லிக்கு 60 நாள் வரையில்தான் முதலில் தடை விதிக்கலாம். தமிழ்நாட்டில் தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கில், 2022-இல் சாணிப் பவுடர், எலி பேஸ்ட் ஆகியவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தப்போவதாக மக்கள் நல்வாழ்வுத் துறை அறிவித்தது. அதைத் தொடர்ந்து, மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டுக்கும், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 6 பூச்சிக்கொல்லிகளுக்குத் தற்காலிகமாக 60 நாளுக்கும் தடை வந்தது. தற்கொலைக்காக எழுந்த அக்கறை குழந்தைகளுக்கும் பயன்படும். வீட்டில் இல்லாத நஞ்சை எந்தக் குழந்தையும் தின்ன முடியாது. ஆனால் 60 நாள் கழிந்தபின் அதே புட்டி அதே கடைக்குத் திரும்ப வழியிருந்தால், அந்தத் தடையால் பயன் சிறிதே.

மற்றச் சட்டங்களும் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். திருவிழாக் கடையில் தரையில் பரப்பி விற்கும் பொம்மைகளை யாரும் அந்த முத்திரையைப் பார்த்து வாங்குவதில்லை. ஆசிட் விற்பனைக்கு அடையாள அட்டையும் பதிவேடும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் ஆணையிட்டது. தெருவில் கழிப்பறை ஆசிட் பழைய தண்ணீர்ப் புட்டிகளில் விற்கப்படுவது நிற்கவில்லை.

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மிக முக்கியமான ஒன்றைச் சொல்லின. பூச்சிக்கொல்லிக் கலங்கள், பெயிண்ட் டப்பாக்கள், காலாவதியான மாத்திரைகள், மின்கலங்கள் போன்றவை 'வீட்டு அபாயக் கழிவுகள்'. அவற்றைப் பெற்றுக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும். வீரபாண்டி போன்ற பேரூராட்சிக்கும் இது பொருந்தும். அப்படியொரு மையம் இல்லாத ஊரில் காலி நஞ்சுக் கலத்துக்கு மூன்றே வழிகள்: வாய்க்கால், வீடு, அல்லது குப்பையை வெறுங்கையால் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கை. மூன்றும் சுற்றி வந்து நம் குழந்தைகளிடமே முடிகின்றன.

இன்று வீட்டில் செய்யக்கூடியவை

அரசு மாறும்வரை குழந்தைகள் காத்திருக்க முடியாது. ஒற்றை அறை வீட்டிலும் இயலக்கூடியவை சில உண்டு.

தோட்டத்து நஞ்சை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்; மிச்சத்தை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுப்போம். காலிக் கேனைக் கழுவினாலும் அது நஞ்சுக் கேன்தான். அதைக் கத்தியால் துளைத்துவிட்டால் வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். மருந்து அடித்த உடையோடு குழந்தையைத் தூக்காமல், வாசலிலேயே களைந்து, குளித்த பிறகு தூக்குவோம். அந்தத் துணியைத் தனியே துவைப்போம். மண்ணெண்ணெயையும் ஆசிட்டையும் ஒருபோதும் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்ற வேண்டாம். கட்டாயம் வைத்தே ஆகவேண்டிய பொருளுக்கு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு சிறு பூட்டும் போதும். அதைச் சுவரின் உயரத்தில் ஆணியடித்து மாட்டலாம். நான்கைந்து வீடுகள் சேர்ந்து குடியிருப்புக்கு வெளியே ஒரு பொதுப் பெட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எலிக்கு நஞ்சுக்குப் பதில் பொறி வைக்கலாம்.

அப்படியும் ஒரு குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக்கரைசல் என எதுவும் கொடுக்கக் கூடாது. உடையில் நஞ்சு பட்டிருந்தால் அகற்றி, உடலைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். கண்ணில் சுண்ணாம்போ ஆசிட்டோ பட்டால் வேறெதற்கும் காத்திராமல், குறைந்தது 20 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவியபடி, பின் கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நஞ்சு இருந்த புட்டியையோ அட்டையையோ கட்டாயம் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். வீரபாண்டிப் பகுதியினருக்குப் பெரிய அரசு மருத்துவமனை என்பது க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேனியைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், முதலில் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் அவசரச் சிகிச்சை பெற்று, அங்கிருந்து ஆம்புலன்ஸில் செல்வது பல நேரங்களில் உயிர்காக்கும்.

கேட்டுப் பெற வேண்டியவை

தோட்ட உரிமையாளர் நஞ்சைத் தன் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். தெளிப்பவருக்கு உடையும், வேலை முடிந்ததும் குளிக்க இடமும், மாற்றுடையும் தர வேண்டும். காலிக் கலங்களைத் திரும்பப் பெறும் கடமையை விற்பனையாளருக்கும் நிறுவனத்துக்கும் விதிக்க வேண்டும். காலிக் கேனுக்கு வைப்புத்தொகை என்று ஒரு சிறு தொகையைச் சேர்த்து விற்றால், அது கடைக்கே திரும்பும். பிரித்துச் சில்லறையாக நஞ்சு விற்பதை வேளாண் துறை ஆய்வாளர்கள் கடைகளில் நேரில் சோதிக்க வேண்டும். பேரூராட்சி அபாயக் கழிவு மையத்தைத் திறந்து, தூய்மைப் பணியாளருக்குக் கையுறையும் பூட்டும் பெட்டியும் கொடுக்க வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையங்களில் அட்ரோபின் இருப்பை ஊர் மக்கள் கேட்டறிய வேண்டும். ஆதிதிராவிடர் நலத் துறையும் வீட்டு வசதித் திட்டங்களும் கட்டும் வீடுகளில், வெளிப்புறத்தில் பூட்டும் மாடம் ஒன்றை வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். கடைசியாக, 27-ஆம் பிரிவைத் திருத்தி, கொடிய நஞ்சுகளை நிரந்தரமாகத் தடைசெய்யும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தர வேண்டும்.

இவை சலுகைகள் அல்ல. பாதி இப்போதே விதிப் புத்தகத்தில் இருப்பவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனுப் போட்டுக் கேட்கத் தக்கவை. 'உங்கள் எல்லையில் வீட்டு அபாயக் கழிவு மையம் எங்கே இருக்கிறது?' என்று ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் ஒருவர் தம் பேரூராட்சிக்கு எழுதட்டும். பதில் எதுவாக வந்தாலும், குழந்தையின் பாதுகாப்பு பற்றிய கேள்வி தாயின் வாசலிலிருந்து நகர்ந்து, பதில் சொல்ல வேண்டியவரின் மேசைக்குப் போய்ச் சேரும்.